அட்டையின் ஓரத்தைப் பிடித்தவன்

என் அக்கா ஆர்லீனின் கணவர் கிளெம் பர்கார்டை அடித்து நொறுக்கியவர்கள் பட்டப்பகலில் வந்தார்கள். 1991, தவக்காலத்தின் மூன்றாவது வெள்ளி, சாயங்காலம் நாலு மணி. தெற்கு செயின்ட் லூயிஸில் அந்த நேரத்துக்கு எங்கள் தெருவே காலியாகிவிடும். தவக்கால வெள்ளியில் இறைச்சி கிடையாது; எல்லோரும் பங்குக் கோயில் கூடத்தில் மீன் வறுவலுக்கு வரிசையில் நிற்பார்கள். அக்கா மாவு கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள், நான் எண்ணெய்ச் சட்டியோடு போராடிக்கொண்டிருந்தேன். தட்டு அடுக்குவது எப்போதும் கிளெம்மின் வேலை. அன்று மட்டும் அவர் வரவில்லை. ஒஹாயோவிலிருந்து ஒரு வியாபாரி போன் பண்ணுவதாகச் சொல்லியிருந்தானாம்.

"போன் வந்ததும் வந்துடறேன் மச்சான். அக்காகிட்ட நீயே சொல்லிடு, நான் சொன்னா கத்துவா" என்று என்னிடம் சொல்லியிருந்தார்.

போன் பேஸ்பால் அட்டை விஷயமாகத்தான். வேறு எதற்கும் அவர் வீட்டில் காத்திருக்கிறவர் இல்லை.

எங்கள் ஊருக்கு ஒரு காலத்தில் இரண்டு பேஸ்பால் அணிகள் இருந்தன. ஜெயிக்கிற அணியின் பின்னால் ஊர் போனது. பிரவுன்ஸ் என்ற தோற்கிற அணியின் பின்னால் கிளெம் போனார். 1953-ம் வருஷத்து ஆட்டங்கள் முடிந்ததும் அந்த அணியை விற்று, பெயரை மாற்றி, பால்டிமோருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கிளெம் விடவில்லை. பீர் ஆலையில் பீப்பாய் உருட்டி முப்பத்தெட்டு வருஷம் சம்பாதித்ததில் பாதி, பிரவுன்ஸ் ஆட்டக்காரர்களின் படம் போட்ட பழைய அட்டைகளுக்குப் போயிற்று. சிகரெட் பாக்கெட்டில் வந்தவை, சூயிங் கம்மோடு வந்தவை, பெட்டியாக விற்றவை எல்லாம் இருந்தன. வீட்டுக்கு அடியில் பேஸ்மென்டில் ஓர் இரும்பு அலமாரி. அதன் சாவி அவர் கழுத்துச் சங்கிலியில், சிலுவைக்குப் பக்கத்தில் தொங்கும்.

"மாதா படத்தைவிட அந்த ஆளுங்க படத்தத்தான் அதிகம் கும்பிடறாரு" என்பாள் அக்கா.

அன்று பேஸ்மென்டின் பின்கதவு உடைகிற சத்தம் கேட்டு கிளெம் கீழே இறங்கினார். முகமூடி போட்ட இரண்டு பேர். வீட்டில் ஆளே இருக்காது என்று நம்பி வந்தவர்கள். அவரைப் பார்த்ததும் ஒரு நொடி அவர்களும் திகைத்து நின்றிருக்கிறார்கள். பிறகு நெட்டையன் கையிலிருந்த கடப்பாரையைத் திருப்பிப் பிடித்து அவர் வயிற்றில் குத்தினான். கிளெம் மடங்கி விழுந்தார். முழங்காலால் ஒரே ஒரு இடி, மூக்கு உடைந்தது.

"சாவி எங்கடா கிழவா?"

"மேல... மேல இருக்கு."

நெட்டையன் அவருடைய சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துத் துணி துவைக்கும் எந்திரத்தில் மோதினான். சட்டை கிழிந்து சங்கிலி வெளியே வந்தது. சாவி கண்ணெதிரே ஆடியது.

"மேல இருக்கா? பொய்யா சொல்ற?"

சங்கிலியைப் பிடுங்கினான். கழுத்தைச் சுற்றிலும் தோல் கிழிந்தது. அலமாரியைத் திறந்து மேல் இழுப்பறையை இழுத்தான். கிளெம் தரையிலிருந்து எழுந்து, ரத்தம் ஒழுக ஒழுக, இழுப்பறைக்குள் கையை விட்டு அதன் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார். அறுபத்துநாலு வயது மனிதர். என்ன நினைத்துப் பிடித்தார் என்று பின்னால் கேட்டேன். எதுவும் நினைக்கவில்லை என்றார். நெட்டையன் இழுப்பறையைக் காலால் ஓங்கி உதைத்து மூடினான். திறந்தான். மறுபடி உதைத்தான். மூன்றாவது உதையில் இடது கையில் மூன்று விரல்கள் முறிந்தன. அந்தச் சத்தத்தைச் சொல்லும்போது கிளெம் தன் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

இதெல்லாம் நடக்கும்போது இரண்டாமவன் கைகளைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்று பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை பேசவில்லை.

கிளெம் சுவரோரம் சரிந்ததும்தான் அவன் முன்னால் வந்தான். தோல் கையுறைகளைக் கழற்றிப் பின்பாக்கெட்டில் செருகினான். உள்ளங்கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். பிறகு இழுப்பறையிலிருந்து அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்தான், இரண்டு விரல்களால், ஓரத்தை மட்டும் தொட்டு. சாதாரண அட்டைகளைத் திரும்ப வைத்தான். அரியதை மட்டும் மதிய உணவு கொண்டுபோகிற தகரப் பெட்டி ஒன்றில் அடுக்கினான். சிகரெட் பாக்கெட்டில் வந்த ஒரு பழைய அட்டை அவன் கைக்கு வந்தது. அதன் முகப்பு நூறு பேரிடம் இருக்கிற முகப்புதான். அவன் முகப்பைப் பார்க்கவே இல்லை. நேராகத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தான். பின்பக்கத்தில் இருக்கிற விளம்பரம்தான் அந்த அட்டையை அபூர்வமாக்குகிறது.

நெட்டையனுக்குப் பொறுமை போய்விட்டது. "என்னடா, பொண்ணு பாக்க வந்தியா? அள்ளிப் போடு!" என்று ஒரு கைப்பிடியாக அட்டைகளை அள்ளினான். இரண்டு மூன்று அவன் கைக்குள் மடங்கின.

பேசாதவன் அவனைப் பளாரென்று அறைந்தான். முகமூடிக்கு மேலேயே விழுந்த அறை, நெட்டையன் இரண்டடி பின்னால் போய் ஏணிப்படியில் உட்கார்ந்துவிட்டான்.

ஆறு மணிக்கு நான் கிளெம்மைத் தேடிப் போனபோது பேஸ்மென்ட் தரை முழுக்க ரத்தம். அவர் சுவரில் சாய்ந்து, உடைந்த கையை மடியில் வைத்துக்கொண்டு, திறந்த அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர்கள் கேட்டதற்கெல்லாம் கிளெம் பதில் சொன்னார், ஒன்றைத் தவிர. அதை அடுத்த நாள் என்னிடம் சொன்னார். மூக்கில் பஞ்சு இருந்ததால் குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது.

"மச்சான், அவன் அட்டையத் திருப்பிப் பாத்தான்."

"அதனால?"

"பின்பக்கம் பத்தி நான் யார்கிட்ட சொல்லியிருக்கேன்? யோசி."

யோசித்தேன். கிராவாய் சாலையில் ஒரு டோனட் கடையில் சனிக்கிழமை காலையில் நாங்கள் நாலு பேர் கூடுவோம். கிளெம், நான், ஹார்லன் டைட்ஸ், வெஸ் கிராம்லிக். அட்டைகளைக் காட்டி, மாற்றி, ஒருத்தரை ஒருத்தர் கிண்டல் பண்ணி, பத்து மணிக்குக் கலைவோம். அந்த அட்டையைப் பற்றி அங்கேதான் கிளெம் சொல்லியிருந்தார். திருட்டு நடந்த நேரத்தில் நான் மீன் சட்டிக்கு முன்னால் நின்றேன். இருநூறு பேர் சாட்சி. ஹார்லனுக்கு இரண்டு இடுப்பும் போய், தடி இல்லாமல் கழிப்பறைக்குக்கூடப் போக முடியாது.

"வெஸ்ஸா? அத்தான், அவன் உங்க வீட்டுக் கூரைய சும்மா போட்டுக் குடுத்தவன். ஒரு காசு வாங்கல."

"அதான் பின்கதவு எவ்வளவு இத்துப்போச்சுன்னு அவனுக்குத் தெரியும்."

அன்று மத்தியானமே வெஸ் வந்தான். நாற்பது வயது, குட்டையான, தோள் அகலமான ஆள். மேல்பக்கம் சர்க்கரை தூவிய வெண்ணெய் கேக் ஒன்றைப் பெட்டியோடு கொண்டுவந்து அக்காவிடம் கொடுத்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கிளெம்மின் கட்டுப்போட்ட கையைப் பார்த்து அழுதான். நிஜமாகவே அழுதான்; கண்ணீர் மூக்கு நுனியிலிருந்து சொட்டியது.

"எந்த மிருகம் பண்ணுச்சோ, அவன் நல்லா இருக்க மாட்டான் அண்ணே" என்றான்.

"நல்லா இருக்க மாட்டான்தான்" என்றார் கிளெம்.

போலீஸிடம் சொல்லிவிடலாம் என்று நான் எத்தனையோ முறை சொன்னேன். அக்காவிடம் நான் மூச்சுவிடக் கூடாது என்று கிளெம் என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். "போலீஸ் அவனைக் கேக்கட்டும், அதுக்கு முன்னாடி நான் கேக்கணும்" என்பதுதான் அவருடைய ஒரே பேச்சு.

பதினாறு நாள் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை நான் வண்டியை ஓட்டினேன். கிளெம் முன்சீட்டில், இடது கையில் மாவுக்கட்டு, வலது கையில் ஒரு பழைய பைப் ரெஞ்சு. பீர் ஆலையில் குழாய் திருகுகிற கனமான ரெஞ்சு.

"அது எதுக்கு அத்தான்?"

"ஒத்தக் கையா இருக்கேன்ல. துணைக்கு."

ஆற்றுப் பக்கம் கரண்டலெட்டில் வெஸ்ஸின் வீடு. வண்டிக் கொட்டகையின் கதவு மேலே தூக்கியிருந்தது. உள்ளே வெஸ் வேலைக்குப் போகச் சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தான். தார் வாளி, பெயின்ட் கரைக்கிற தின்னர் டப்பாக்கள், கூரை ஓட்டுக் கட்டுகள், நீள அலுமினிய ஏணி. கிளெம்மைப் பார்த்ததும் சிரித்தான். கையிலிருந்த ரெஞ்சைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"என்ன அண்ணே, காலங்காத்தால?"

கிளெம் மாவுக்கட்டுக் கையைத் தூக்கி அவன் முகத்துக்கு நேராகக் காட்டினார். "இதைப் பத்தி எதாவது சொல்லணுமா வெஸ்?"

"என்னத்தச் சொல்ல? நான்..."

"எதாவது சொல்லு."

வெஸ் அந்தக் கையைப் பார்த்தான். "விரலை உடைச்சது நான் இல்லண்ணே" என்றான். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. அதற்கு மேல் மறைக்க முயலவில்லை. "நீங்க வீட்ல இருப்பீங்கன்னு சத்தியமா தெரியாது. டரல்தான்... என் சித்தி பையன்... அவன் இவ்வளவு தூரம் போவான்னு நெனக்கல."

"நீ தொடல. ஆமா" என்றார் கிளெம். அவர் குரல் உயரவே இல்லை. "நின்னு பாத்த. மூணு தடவை உதைச்சான், மூணு தடவையும் பாத்த. அட்டை மடங்கினப்போ அறைஞ்ச."

வெஸ் வாயைத் திறந்தான். ரெஞ்சு அவன் முழங்காலில் இறங்கியது.

காய்ந்த கிளை முறிகிற மாதிரி ஒரு சத்தம். வெஸ் கத்தவில்லை, மூச்சுத்தான் உள்ளே போய் நின்றது. அப்படியே பக்கவாட்டில் விழுந்தான். கிளெம் தோளில் அடித்தார். விலாவில் அடித்தார். அவர் யாரையும் கைநீட்டி நான் பார்த்ததில்லை. அன்று அடித்துப் பழகியவர் மாதிரி அடித்தார், அவசரம் இல்லாமல், இடம் பார்த்து. தலைக்கு ஓங்கியபோது நான் பின்னாலிருந்து பாய்ந்து கட்டிப்பிடித்தேன்.

"அத்தான், போதும்! செத்துடுவான்! விடுங்க!"

அவருடைய முழங்கை பின்னால் வந்து என் வாயில் இடித்தது. இரண்டு முன்பற்கள் நாக்கின் மேல் விழுந்தன. இருந்தும் நான் விடவில்லை.

அப்போதுதான் வீட்டுப் பக்கத்துக் கதவு திறந்து டரல் வந்தான். நெட்டையன். பனியனும், பல் தேய்த்த நுரை ஒட்டிய உதடுமாக நின்றான். தரையில் கிடந்த வெஸ்ஸைப் பார்த்தான், சுவரில் மாட்டியிருந்த கைக்கோடரியை எடுத்தான். கூரை ஓட்டை வெட்ட வைத்திருக்கிற கூர்மையான கோடரி.

"டரல், வேணாம்டா!" என்று தரையிலிருந்து வெஸ் கத்தினான்.

நான் கட்டிப்பிடித்திருந்ததால் கிளெம்மால் நகர முடியவில்லை. இதை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. கோடரி அவருடைய வலது தோளில் இறங்கியது. கழுத்தை நோக்கி வந்தது, அவர் தலையைச் சாய்த்ததால் தோளில் விழுந்தது. கோட்டும் சதையும் சேர்ந்து பிளந்து, சூடான ரத்தம் என் கன்னத்தில் அடித்தது. ரெஞ்சு கீழே விழுந்தது. டரல் கோடரியைப் பிடுங்கி மறுபடி ஓங்கினான்.

நான் தபால்காரன். இருபத்தாறு வருஷம் தெருத்தெருவாகக் கடிதம் போட்டவன், நாயைக்கூட உதைத்ததில்லை. ஏணியின் ஒரு முனை என் கைக்கு எட்டியது. அதைத் தூக்கி முழு பலத்தோடு முன்னால் தள்ளினேன். மறுமுனை டரலின் தாடையில் போய் இடித்தது. அவன் பின்னால் போய் அலமாரியோடு சாய்ந்தான், அலமாரி அவன் மேல் சாய்ந்தது. டப்பாக்கள் உருண்டு, உடைந்து, தின்னர் தரையெங்கும் ஓடியது. டரல் எழுந்திருக்கப் பார்த்தான். மறுபடியும் ஏணியால் இடித்தேன். அவன் விழுந்த பிறகும் ஒரு தடவை இடித்தேன். அந்தக் கடைசி இடி தேவையே இல்லாதது. எனக்கு அப்போதே தெரியும்.

சட்டென்று எல்லாம் அமைதியானது. தின்னர் நெடி கண்ணை எரித்தது. டரல் தாடை தொங்கிக் கிடந்தான்; மூச்சு இருந்தது. வாயில் ஊறின ரத்தத்தை நான் துப்பினேன், பற்களும் வந்தன.

கீழே ஏதோ இழுபடுகிற சத்தம். பார்த்தால் வெஸ். உடைந்த காலை இழுத்துக்கொண்டு, முழங்கைகளால் ஊர்ந்து, வேலை மேசையின் அடித்தட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான். ஆயுதத்துக்குத்தான் போகிறான் என்று நினைத்து நான் ஏணியைத் தூக்கினேன். அங்கே ஆயுதம் இல்லை. அந்தத் தகரப் பெட்டி இருந்தது. தின்னர் ஓடி அதன் அடியைத் தொடப் போயிருந்தது. வெஸ் பெட்டியை எடுத்து இரண்டு கைகளாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டான். அவன் முழங்காலுக்குக் கீழே கால் இருக்க வேண்டிய பக்கத்தில் இல்லை, வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

"எடுத்துக்கங்கண்ணே" என்றான். அவன் பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன. "ஒண்ணைக்கூட விக்கல. எல்லாம் இதுலதான் இருக்கு. எடுத்துக்கங்க, சீக்கிரம்."

கிளெம் தோளைப் பொத்திக்கொண்டு, விரல் இடுக்கில் ரத்தம் வழிய, தூணில் சாய்ந்து நின்றார். அவருடைய கண் என் பக்கம் திரும்பவில்லை. என் வாயையோ, தரையில் கிடந்த என் பற்களையோ அவர் பார்க்கவில்லை. பெட்டியையே பார்த்தார்.

"நனைஞ்சுதா?" என்று கேட்டார்.

நான் அந்தக் கொட்டகையை விட்டு வெளியே வந்து பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, ஆம்புலன்ஸுக்கும் போலீஸுக்கும் போன் பண்ணச் சொல்லிவிட்டு, நடைபாதை விளிம்பில் உட்கார்ந்தேன். மறுபடி உள்ளே போகவில்லை.

அக்கா ஆஸ்பத்திரிக்கு வந்து முதலில் கிளெம்மைப் பார்த்தாள், அறுவைக்கு உள்ளே கொண்டுபோகும் முன். பிறகு என்னிடம் வந்தாள். என் முகவாயைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன், பெட்டியைப் பார்த்து கிளெம் கேட்ட அந்த ஒரு கேள்வியையும் சேர்த்து.

"உனக்குத் தெரிஞ்சு பதினாறு நாளா எங்கிட்ட சொல்லல."

"சத்தியம் வாங்கிட்டாருக்கா."

"சத்தியம்! நாப்பத்தொம்பது வயசுல நீயும் அறுபத்துநாலு வயசுல அவரும் பள்ளிக்கூடம் போறீங்களா?" அடிக்கக் கையை ஓங்கினாள். என் வாயைப் பார்த்து, கையை இறக்கி, என் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றாள். நின்றபடியே அவள் உடம்பு குலுங்கியதை உணர்ந்தேன்.

டரலுக்கு ஒன்பது வருஷம் கிடைத்தது. அவனுடைய தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்ததால் கோர்ட்டில் எழுதிக் காட்டித்தான் குற்றத்தை ஒப்புக்கொண்டான். வெஸ்ஸுக்கு நாலு வருஷம். அவன் நொண்டிக்கொண்டு கூண்டுக்குள் வந்து, கிளெம் பேரில் தனக்குப் புகார் எதுவும் இல்லை என்று நீதிபதியிடம் சொன்னான். இருந்தும் கிளெம் மேல் வழக்கு நடந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டார், சிறைக்குப் போகாமல் மூன்று வருஷ நன்னடத்தைக் கண்காணிப்போடு தப்பினார். என் மேல் வழக்கு போடவில்லை. கடைசி இடியைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அட்டைகளைச் சாட்சிப் பொருளாக ஒரு வருஷத்துக்கு மேல் போலீஸ் வைத்திருந்தது. திரும்பி வந்தபோது எதுவும் நனைந்திருக்கவில்லை. கிளெம்மின் மூன்று விரல்கள் மடங்கவே இல்லை. ஒரு காகிதத்தைக்கூட அந்தக் கையால் எடுக்க முடியாது. அட்டைகளைப் பிளாஸ்டிக் உறைகளில் போட்டு அடுக்க என்னைக் கூப்பிடச் சொல்லி அக்காவிடம் சொல்லியிருக்கிறார். அக்கா போன் பண்ணினாள்.

"நான் வரலக்கா" என்றேன்.

"நான் உன்ன வரச் சொல்லல. அவரு கேட்டாரு, கேட்டதச் சொன்னேன். வராத."

கொட்டகையில் அடிதடி நடந்த வருஷம் முழுக்கவே நான் அவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. நவம்பரில் நன்றி சொல்லும் நாள் விருந்துக்கும் போகவில்லை, கிறிஸ்துமஸுக்கும் போகவில்லை. டோனட் கடைக்கு யாருமே போகவில்லை. ஹார்லன் மட்டும் இரண்டு சனிக்கிழமை தனியாக உட்கார்ந்துவிட்டு நிறுத்திக்கொண்டாராம்.

அடுத்த வருஷம் ஜூனில் ஒரு மத்தியானம் யாரோ என் வீட்டுப் படியேறும் சத்தம் கேட்டது. கம்பிவலைக் கதவுக்கு அந்தப் பக்கம் கிளெம் நின்றார். இளைத்திருந்தார். வலது தோள் கீழே இறங்கிப்போய், ஒரு பக்கம் சாய்ந்த ஆளாகத் தெரிந்தார். கையில் எதுவும் இல்லை. நான் கதவைத் திறக்காமல் உள்ளேயே நின்றேன்.

"பஸ்ஸுல வந்தேன்" என்றார். "உங்கக்கா காரு தரல."

"ம்."

"அன்னிக்கு மச்சான்... உன் வாயெல்லாம் ரத்தம். நான் கவனிக்கல."

"கவனிக்கல."

"பல்லை உடைச்சது நான்னு வீட்டுக்கு வந்தப்புறம் உங்கக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும்." கம்பிவலையில் விரலை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். "வெஸ்ஸ அடிச்சதுக்கு நான் வருத்தப்படல. இன்னிக்கு அவன என் முன்னால நிறுத்தினாலும் அடிப்பேன். ஆனா உன்ன மொதல்ல பாத்திருக்கணும். அத யோசிச்சு யோசிச்சு... எனக்குத் தூக்கம் இல்ல மச்சான்."

அவர் சொல்லி முடித்தபோது எனக்குக் கோபம் இன்னும் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் வெயிலில் நின்ற அந்த மனிதருக்கு முகமெல்லாம் வேர்த்திருந்தது. பஸ் நிற்கிற இடத்திலிருந்து என் வீட்டுக்கு முக்கால் மைல், அதிலும் பாதி ஏற்றம்.

கதவின் கொக்கியை எடுத்தேன்.

"உள்ள வாங்க அத்தான்" என்றேன். "பன்றிக்கறி வாட்டிக்கிட்டு இருக்கேன். ரெண்டு பேருக்குக் காணும்."